ஆறு நாள் விட்ட மாத்திரை

மதுரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் டாக்டராகிவிடுவார். நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மீதிப் பதினொரு பேருக்கும் என் வயிற்றைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது. அல்சர் என்றார்கள். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்றார்கள். டீயைக் குறை, காரத்தைக் குறை, மணத்தக்காளிக் கீரையைச் சேர்த்துக்கொள் என்றார்கள். ஒருவர் கோபத்தைக் குறைக்கச் சொன்னார். அவரிடம் மட்டும் கோபப்பட்டேன்.

ஆறு வருடம் இப்படியே ஓடியது. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கடைக்காரர் கேஸ் மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். தலைவலிக்கும் முதுகுவலிக்கும் வலி மாத்திரையும் அதே கடையில்தான். அந்த வலி மாத்திரையே வயிற்றை அரிக்கும் என்பது எனக்குத் தெரியாது. எரிவதற்கு ஒன்று, அணைப்பதற்கு ஒன்று என்று இரண்டையும் நானே வாங்கி நானே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

பெரிய டாக்டரிடம் போகாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பயம். என் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். பதினொரு வருடம் ஆகிறது. அவருக்கும் முதலில் எல்லோரும் அல்சர் என்றுதான் சொன்னார்கள். கடைசி நான்கு மாதம் அவர் கஞ்சியைக்கூட உள்ளே வைத்துக்கொள்ள முடியாமல் கிடந்ததைப் பார்த்தவள் நான். எனக்கும் அதுவாக இருந்தால், தெரியாமல் இருப்பதே மேல் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் அலுவலகத்தில் தலை சுற்றி விழுந்தேன். ரத்தம் குறைந்திருக்கிறது என்றார்கள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதிகம் பேசாதவர். அன்று மட்டும், "கிளம்பு" என்று ஒரே வார்த்தை சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்.

கேமரா வைத்த குழாயைத் தொண்டை வழியாக விட்டுப் பார்த்தார்கள். ஒரு துணுக்குச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் நான் யார் யாருக்கு என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றுகூட யோசித்து முடித்துவிட்டேன். ஆறாவது நாள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "கெட்டது எதுவும் இல்லம்மா. புண்ணு இருக்கு. அதுல கிருமி இருக்கு" என்றார்.

முதல் பாதியில் எனக்கு அழுகை வந்தது. இரண்டாவது பாதியில் எரிச்சல் வந்தது. கிருமி என்றால் என்னைப் பொறுத்தவரை அழுக்கு. இரண்டு வேளை குளிக்கிறவள் நான், வெளியில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க யோசிப்பவள். "எனக்கு எப்படி சார் கிருமி வரும்?" என்று அவரிடமே சண்டைக்குப் போனேன்.

டாக்டர் இதைப் பலமுறை சொல்லிச் சலித்தவர் என்பது குரலிலேயே தெரிந்தது. "வெளிய வரிசையில உக்காந்திருக்காங்கள்ல, அதுல பாதிப் பேருக்காவது இது இருக்கும்மா. எனக்கே இருந்துச்சு. நெறைய பேருக்கு ஒரு தொந்தரவும் பண்ணாது. சாகுற வரைக்கும் இருக்குறதே தெரியாது. சிலருக்குப் புண்ணாகும். ரொம்பச் சிலருக்கு அதுக்கு மேலயும் போகும். ஒங்க வீட்டுல யாருக்காவது வயித்துல புற்றுநோய் வந்திருக்கா?"

அப்பாவைச் சொன்னேன். பீடி குடிப்பாரா என்று கேட்டார். கட்டுக் கட்டாக என்றேன். எழுதிக்கொண்டார். "அப்ப இத விட்டு வைக்கக் கூடாது" என்றார்.

பிறகு, வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிறவர் கேட்பதைப் போல வரிசையாகக் கேட்டார். சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள், எத்தனை பேர், எத்தனை அறை, தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், கழிப்பறை இருந்ததா. சோழவந்தானுக்கு வெளியே ஒற்றை அறை வீடு. அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள், கல்யாணமாகாத அத்தை. அப்பாவும் அம்மாவும் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கூலி. ஆற்று மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர், அது வற்றினால் ஊர்த் தொட்டியில். கழிப்பறை கிடையாது. அந்த வாழ்க்கையைப் பற்றி எனக்கு இன்றுவரை ஓர் ஏக்கமும் வந்ததில்லை. கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

"பெரியவங்க மென்னு ஊட்டுற பழக்கம் உண்டா?" என்று கேட்டார். உண்டு. கறியோ கடலையோ, அம்மா தன் வாயில் போட்டு மென்று மசித்துத்தான் எங்களுக்கு ஊட்டுவாள். அப்பா சாப்பிட்ட வட்டிலைக் கழுவாமல் அதிலேயே தனக்குச் சோறு போட்டுக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் பெண்சாதி என்றால் அப்படித்தான். வேறு தட்டு எடுத்தால் சண்டை போட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

"வாய் வழியா, கை வழியா, தண்ணி வழியா வர்றதும்மா இது. பெரும்பாலும் சின்னப் புள்ளையிலயே வந்துரும்" என்றார் டாக்டர். அப்படியானால் இது என் கல்யாணத்தைவிடப் பழையது. என் பெயரில் வந்த முதல் ரேஷன் கார்டைவிடப் பழையது. இத்தனை வருடம் வாடகை தராமல் உள்ளே குடியிருந்திருக்கிறது. அம்மாவிடம் இந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே கூடாது என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தேன்.

பதினான்கு நாள் மாத்திரை. காலையும் இரவும். ஒன்று சாப்பாட்டுக்கு முன், இரண்டு சாப்பாட்டுக்குப் பின். நடுவில் நிறுத்தக் கூடாது என்று டாக்டரும் சொன்னார், மருந்து கொடுத்த பெண்ணும் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள். கெட்டது இல்லை என்று சொன்னதும் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஏத்தா, ஒனக்காகத் திருப்பரங்குன்றத்துக்கு நேந்துருக்கேன்" என்றாள். "நல்ல சேதி வந்தா எம் மக சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பான்னு சொல்லிட்டேன்."

"நேந்தது நீ. நான் எதுக்கும்மா இருக்கணும்?"

"வயிறு ஒன் வயிறுதான?"

எனக்கும் உள்ளூர ஆசைதான். அந்த ஐந்து நாள் நானும் முருகனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். காப்பாற்றிக் கொடுத்தவருக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பது பெரிய காரியமா என்று தோன்றியது.

தீபாவளி முடிந்த மறுநாள் சஷ்டி தொடங்கியது. மாத்திரை தொடங்கி அன்றைக்கு எட்டாவது நாள். விடியற்காலையில் திருப்பரங்குன்றம் போய்க் காப்புக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் என்று வைத்துக்கொண்டேன். மாத்திரை? சாப்பாட்டுக்குப் பின் என்று அட்டையிலேயே எழுதியிருந்தது. சாப்பாடே இல்லை. சாப்பிடாத வயிற்றில் போட்டு எதற்கு வம்பு? மொத்தம் பதினான்கு நாள் மாத்திரை. ஏழு நாள் போட்டாயிற்று. மீதி ஏழு நாளை விரதம் முடிந்து போட்டால் கணக்குச் சரியாகிவிடும். அட்டைகளை எடுத்து பீரோவில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு முறை கேட்டார், "டாக்டர்ட்ட கேட்டியா?"

"சாமி காரியத்துக்கு டாக்டர்ட்ட பெர்மிஷன் வாங்கணுமா?" என்றேன். அவர் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கோயிலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், கையில் காப்போடு, பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துப் பாலில் விழுங்கினாள். பிரஷர் மாத்திரையாக இருக்கும். இதற்கு எதற்கு விரதம் என்று மனதுக்குள் இளக்காரமாக நினைத்தேன். அவளை இப்போது பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

ஏழாம் நாள் சோறு சாப்பிட்டேன். மீதி மாத்திரையைப் போட்டு முடித்தேன். கிருமி போய்விட்டதா என்று பார்க்க ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதில் கடைசி இரண்டு வாரம் கேஸ் மாத்திரையும் கூடாது, போட்டால் சோதனை பொய் சொல்லும் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் நெஞ்சு எரிய எரிய வேலைக்குப் போனேன். பிறகு ஒரு பைக்குள் மூச்சை ஊதச் சொன்னார்கள். ஊதினேன்.

போகவில்லை. இருக்கிறது என்று வந்தது.

"நடுவுல விட்டீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வயதில், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையாய் உட்கார்ந்திருந்தேன். "ஆறு நாள் சார். சஷ்டி" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன மாசம் ஒருத்தர் மாலை போட்டிருக்கேன்னு விட்டாரு. அதுக்கு முன்னாடி ஒருத்தர் கல்யாண வீடுன்னு விட்டாரு. பாலோட போட்டிருக்கலாம்மா. ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்." அரைகுறையாய் அடி வாங்கிய கிருமி அந்த மருந்தைத் தாங்கப் பழகியிருக்கக்கூடும், இனி அதே மருந்தை நம்ப முடியாது, வேறு கொடுக்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு வந்தது எனக்கு வராமல் இருக்க என் கையில் இருந்த ஒரே வழியை நானே ஆறு நாள் பூட்டி வைத்திருக்கிறேன். வண்டியில் வரும்போது என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அதுவும் வேதனையாக இருந்தது.

இரண்டாவது சுற்று கொடுமை. ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்குக் கை நிறைய மாத்திரை. நாக்கில் எந்நேரமும் துருப்பிடித்த ஆணியை வைத்தது போல ஒரு ருசி. காபி ஆணி, சாம்பார் ஆணி, தண்ணீரும் ஆணி. மலம் கரியாய்ப் போயிற்று. அது மருந்தால்தான், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும் முதல் நாள் பயந்தேன். அலுவலகத்தில் தேர்வுக் கட்டணம் கட்டும் நேரம். ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் வரிசை, ஜன்னலுக்கு உள்ளே நான் வாந்தியை அடக்கிக்கொண்டு. ரொம்பவே களைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பொங்கலுக்கு அம்மா வந்தாள். கிருமி போகவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. ஒரு மாலை முழுக்க யோசித்துவிட்டு, அவளே காரணத்தையும் கண்டுபிடித்தாள்.

"நீ பாலும் பழமும் சாப்ட்டீல்ல? சில பேரு பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்காக. அதான் சாமி ஏத்துக்கல. தைப்பூசத்துக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வாயில ஒண்ணும் வைக்காம இருந்துரு. நான் நேந்துக்கிறேன்."

"விரதத்துனாலதாம்மா போகல!" என்று கத்திவிட்டேன். "மாத்திரைய விட்டதுனாலதான் போகல! நீ நேந்ததுனாலதான் விட்டேன்!"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மஞ்சள் பையில் சேலையை மடித்துத் திணித்தாள். "வாரேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுச் சோழவந்தான் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். போய்ச் சமாதானம் பேசியிருக்க வேண்டும். அன்றைக்கு என்னால் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. பிறகு, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். போனில் அலாரம் வைத்து, பதினான்கு நாளும் ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன். தைப்பூசத்தன்று காலையில் நான்கு இட்லி சாப்பிட்டு, அதற்கு மேல் மாத்திரை போட்டேன். சாமி படத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மன்னித்திருப்பார்.

மறுபடியும் காத்திருந்து, மறுபடியும் ஊதி, பங்குனி வெயில் ஆரம்பித்தபோது முடிவு வந்தது. இல்லை. கிருமி இல்லை. துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். மருத்துவமனை நடைபாதையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்கத் தோன்றாமல் அரை மணி நேரம் இருந்தேன். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நல்லதுத்தா. நல்லாரு" என்றாள். போனை வைக்கவில்லை. "அந்த ஊதுற டெஸ்ட்டு எங்கிட்டு எடுக்குறாக?"

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். நாலு வருசமா எரியுது."

"நாலு வருசமாவா? ஏம்மா சொல்லல?"

"ஒங்கப்பாவுக்கு வந்தது மாதிரின்னு நீங்க பயந்துருவீகன்னுதான்."

நான் ஆறு வருடம் எந்தப் பயத்தை மூடி வைத்தேனோ, அதே பயத்தை அவளும் நாலு வருடம் என்னிடம் மறைத்திருக்கிறாள்.

அம்மாவுக்கும் கேமரா விட்டுப் பார்த்தார்கள். கெட்டது இல்லை. பழைய புண் ஆறிய தழும்பும், அதே கிருமியும். டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளையே அவளிடமும் கேட்டார். தட்டைப் பற்றியும் மென்று ஊட்டியதைப் பற்றியும் கேட்க வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அவுக சாப்ட்ட வட்டில்லதான் சார் நானும் சாப்புடுவேன். முப்பத்தெட்டு வருசம்" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. பிறகு அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்க அந்தப் பெருமை முகத்திலிருந்து இறங்கியது. "அப்ப நான் மென்னு ஊட்டுனேனே, இவளுக்கு..." என்று என் பக்கம் திரும்பினாள்.

டாக்டர் அவசரமாகக் குறுக்கிட்டார். "ஊரே அப்படித்தான்மா வளந்துச்சு. ஒரே வீடு, ஒரே தண்ணி. யார்ட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மாத்திரை போடுகிற பதினான்கு நாளும் அவளை எங்கள் வீட்டில் இருக்கச் சொன்னேன். தனியாக விட்டால் எதற்காவது மாத்திரையை விட்டுவிடுவாள் என்று பயம். நடுவில் கார்த்திகை நட்சத்திரம் வந்தது. நான் பார்க்க அவள் கார்த்திகைக்கு விரதம் விட்டதே இல்லை, அப்பா இறந்த மாதத்தில்கூட இருந்தவள். அன்று காலை எட்டு மணிக்கு அவளே அடுப்படிக்கு வந்து, "ரெண்டு இட்லி வையித்தா, மாத்திரைக்குச் சாப்புடணும்ல" என்றாள். தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பின்பக்கம் போனேன்.

பத்தாவது நாள் மத்தியானம். ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்து அம்மா மாத்திரை அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"ஏத்தா, இந்த மாத்திர அப்பயே இருந்துச்சா?"

"எப்பம்மா?"

"ஒங்கப்பா இருக்கையில."

இந்தக் கேள்வியை நான் எனக்குள்ளேயே கேட்டு, விசாரித்து, பதிலையும் தெரிந்து வைத்திருந்தேன். நான் பாவாடை சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இந்த வைத்தியம் வந்துவிட்டது. இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் நம்புவாள். ஆனால் இந்த ஆறு மாதத்தில் அவளிடம் அவ்வளவு மறைத்தாயிற்று. இன்னும் ஒன்றைத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

"இருந்துச்சும்மா. ரொம்ப முன்னாடியே வந்துருச்சு."

அம்மா அட்டையை மடியில் வைத்தாள். "அவுகளுக்கு இதக் குடுத்திருந்தா?"

"தெரியலம்மா. டாக்டராலயே சொல்ல முடியாதாம். பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம்."

அவள் அழவில்லை. மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"தெரிஞ்சிருந்தா நம்ம கூட்டிட்டுப் போயிருப்போம்லத்தா?"

"போயிருப்போம்மா" என்றேன். கேட்ட உடனே சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம் யோசித்திருந்தால், ஆறு வருடம் பயந்து டாக்டரிடம் போகாமல் இருந்த எனக்கு அதைச் சொல்ல வாய் வந்திருக்காது.